தம்பியின் மரணத்தை ஏழு வயது மகளிடம் எப்படிச் சொல்வது?

பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு இந்தக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன். எழுதியவருக்கு வயது 36. எட்டு மாதத்துக்கு முன்பு அவருடைய ஒரே தம்பி, 31 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மூன்று வருடமாக அவருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. மாத்திரை சாப்பிட்டார், தேறினார், நிறுத்தினார், மறுபடியும் படுத்தார். கடைசி இரவு பத்தே முக்காலுக்கு அக்காவைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். அக்கா அப்போதுதான் மகளைத் தூங்கவைத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். விடிந்ததும் தகவல் வந்தது.

மகளுக்கு ஏழு வயது. மாமா என்றால் அவளுக்கு உயிர். "மாமாவுக்குத் திடீர்னு தலைவலி வந்து இறந்துட்டார்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் வாயில் வந்தது அது. இப்போது அம்மா தலைவலி என்று படுத்தால் போதும், குழந்தை ஓசைப்படாமல் வந்து அம்மாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறாள். காற்று பட்டதும் போய்விடுகிறாள். "நான் தூங்கற மாதிரியே கிடப்பேன். கண்ணத் தொறந்தா கேட்டுடுவாளோன்னு பயம்" என்று எழுதியிருக்கிறார்.

போன வாரம், வயதில் பெரிய உறவுக்காரப் பையன் ஒருவன் "உங்க மாமா தானாவே செத்துட்டாராமே" என்று அவளிடம் சொல்லிவிட்டான். அவள் வந்து கேட்டதும் "அப்படியெல்லாம் இல்ல, போய்ப் படி" என்று அம்மா மறுத்துவிட்டார். பெரியவளானதும் சொல்லிக்கொள்ளலாம் என்பது கணவரின் கருத்து. அந்த வார்த்தை குழந்தை காதில் விழவே கூடாது என்று பாட்டி அழுகிறார். கடிதத்தில் உள்ள கேள்விகள் இவை: சொல்லலாமா? சொன்னால் அவள் மனதில் அந்த எண்ணத்தை நானே போட்ட மாதிரி ஆகாதா? இது ரத்தத்தில் வருவதா? நான் போனை எடுத்திருந்தால் அவன் இருந்திருப்பானா? எட்டு மாதமாகியும் அழுகையும் கோபமும் அடங்கவில்லையே, எனக்கும் ஏதாவது நோயா? கடைசியாக, பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில்: தம்பியின் நம்பரை என் போனிலிருந்து எடுத்துவிட வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் எட்டுப் பக்கம். தம்பியைப் பற்றி, மகளைப் பற்றி, அம்மா அப்பாவைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி மூன்று வரிகூடச் சேர்ந்தாற்போல் இல்லை. அதில் ஒன்று, "பாக்கறவங்க எல்லாம் அம்மா எப்படி இருக்காங்கன்னு என்கிட்ட விசாரிக்கிறாங்க" என்பது. நான் அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். அதைத் தாண்டாமல் மகளிடம் போக வழியில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு பிள்ளை இறந்தால் எல்லோரும் பெற்றவர்களைச் சுற்றி உட்காருவார்கள். அது நியாயம். கூடப் பிறந்தவர்கள் வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவார்கள், காகிதங்களில் கையெழுத்துப் போடுவார்கள், அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தாயிற்றா என்று பார்ப்பார்கள். "அம்மா முன்னாடி அழாதே" என்று அவர்களிடம்தான் சொல்லப்படும். 1989-இல் கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர், சுற்றியிருப்பவர்கள் அங்கீகரிக்காத துக்கத்துக்குத் தனியாக ஒரு பெயர் வைத்தார். உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். உங்களுக்கு அது இரண்டு மடங்கு. துக்கப்பட வேண்டிய ஆளாக உங்களை யாரும் பார்க்கவில்லை. இறந்த விதத்தை வெளியில் சொல்லவும் முடியவில்லை.

தம்பி என்பவர் உங்கள் பிள்ளைப் பருவத்துக்கு இருந்த ஒரே சாட்சி. அப்பா எந்த இருமலுக்குப் பிறகு கோபப்படுவார், மின்சாரம் போன இரவுகளில் யார் எந்த மூலையில் படுத்தீர்கள் என்பது உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். இனி அதைச் சொன்னால் "ஆமாக்கா" என்று சொல்ல ஆளில்லை. இந்த இழப்பு அம்மாவின் இழப்பைவிடச் சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை. இது வேறு. இதற்கு அழ உங்களுக்கு முழு உரிமை உண்டு, அம்மாவுக்கு முன்னாலும்கூட.

தம்பி மேல் வரும் கோபமும் இந்தத் துக்கத்தின் ஒரு பகுதிதான். "ராத்திரி போன் அடிச்சா இனிமே நெஞ்சு படபடக்காதுன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, நான் மனுஷியான்னு இருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடம் காவல் காத்த உடம்பு, காவல் முடிந்தது என்று மூச்சு விட்டது. தம்பி போனதற்காக அது சந்தோஷப்படவில்லை. நோயாளியை நெடுநாள் பார்த்துக்கொண்டவர்கள் பலர் இதைத் தலையைக் குனிந்துகொண்டுதான் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் குனிய வேண்டாம்.

எட்டு மாதமாகியும் அழுவது நோயா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட கையேடு, பெரியவர்கள் விஷயத்தில் குறைந்தது 12 மாதமாவது கழியாமல் நீடித்த துக்கம் என்ற நோய்ப் பெயரைக் கொடுக்கக் கூடாது என்கிறது. துக்கம் நேர்க்கோட்டில் குறைந்துகொண்டே போவதும் இல்லை. ஒரு நாள் இழப்பிலேயே கிடப்போம், மறுநாள் குழாய் ரிப்பேருக்கு ஆள் தேடுவோம், அதற்கு மறுநாள் மறுபடியும் கிடப்போம். இந்தப் போக்கும் வரவும்தான் ஆறுகிற வழி என்று நெதர்லாந்தில் பணியாற்றிய ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் எழுதினார்கள். நீங்கள் சிரித்த நாளுக்காகவும் குற்றவாளிபோல் எழுதியிருக்கிறீர்கள். அந்த நாளும் இதற்குள் அடக்கம்.

எடுக்காத அந்த அழைப்பு

போனில் பழைய அழைப்புப் பட்டியலைத் தினமும் திறந்து, 10.47 என்ற அந்த ஒரு வரியைப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கும் திறங்கள். ஆனால் அந்த வரியோடு நிறுத்தாமல் கீழே தள்ளிக்கொண்டே போங்கள். மூன்று வருடத்தில் அவர் இரவில் கூப்பிட்டு நீங்கள் எடுத்த அழைப்புகள் எத்தனை? அதில் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் பேசியவை எத்தனை? நடு இரவில் நீங்களாகவே கூப்பிட்டவை? அவற்றையெல்லாம் கணக்கில் சேர்க்காமல் ஒரே ஒரு வரியை வைத்து உங்களுக்கு எட்டு மாதமாகத் தண்டனை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த இரவு உங்களுக்குத் தெரிந்திருந்தது என்ன? தம்பி கூப்பிடுகிறான், நேற்றும் கூப்பிட்டான், நாளையும் கூப்பிடுவான் என்பதுதான். இப்போது தெரிந்திருப்பதைக் கையில் வைத்துக்கொண்டு, அது தெரியாமல் படுத்திருந்த பெண்ணை விசாரிக்கிறீர்கள். எடுத்திருந்தால் அவர் அந்த இரவைத் தாண்டியிருப்பாரா என்பதற்கு உலகில் யாரிடமும் விடை இல்லை. "உங்க மேல தப்பே இல்ல" என்று நான் ஒரு வரியில் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இதற்கு முன்பே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். அதனால் வேறு மாதிரி சொல்கிறேன். ஓர் அழைப்பு ஒருவரைக் கொல்வதில்லை. வருடக்கணக்கில் ஏறி இறங்கிய நோய், உறக்கமில்லாத இரவுகள், தான் எல்லோருக்கும் பாரம் என்று அந்த நோயே சொல்லிக்கொடுத்த பொய், அன்றைக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒன்று என்று பலவும் சேர்ந்துதான் ஒருவரை அங்கே கொண்டு போகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் 7,27,000 பேர் இப்படி இறந்தார்கள். அத்தனை வீடுகளிலும் யாரோ ஒருவர் இன்றைக்கும் ஓர் அழைப்பையோ, போகாமல் விட்ட ஞாயிற்றுக்கிழமையையோ, கடைசியாகப் போட்ட சண்டையையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவள் ஏற்கெனவே என்ன அறிந்திருக்கிறாள்

இப்போது மகளிடம் வருவோம். சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்ல வேண்டும், சீக்கிரம் சொல்ல வேண்டும், நீங்களே சொல்ல வேண்டும் என்பது என் பதில். என் காரணங்களையும் கேளுங்கள்.

குழந்தை ஒன்றும் அறியாமல் நிம்மதியாக இருக்கிறாள், உண்மையைச் சொல்லி அந்த நிம்மதியை நாம்தான் கெடுக்கப்போகிறோம் என்று உங்கள் வீட்டில் எல்லோரும் நினைக்கிறீர்கள். அந்த விரலை நினைத்துப் பாருங்கள். மூச்சு நின்றால் மரணம் என்று தெரிந்த குழந்தைதான் மூச்சைச் சோதிக்கும். 1948-இல் மரியா நாகி என்பவர் ஹங்கேரியில் 3 முதல் 10 வயது வரை உள்ள குழந்தைகளிடம் பேசிப் பார்த்து, மிகச் சிறிய குழந்தைகள் மரணத்தைத் தூக்கம் போலவோ பயணம் போலவோ எண்ணுகிறார்கள் என்று எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகள், ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று விஷயங்கள் பிடிபட்டுவிடுகின்றன என்று காட்டின: இறந்தவர் திரும்பி வரமாட்டார், அவர் உடம்பு எல்லா வேலையையும் நிறுத்திவிடும், இது எல்லோருக்கும் ஒரு நாள் உண்டு. உங்கள் மகளுக்கு இந்த மூன்றும் தெரியும். தெரியாதது காரணம் மட்டும். காரணத்தின் இடத்தில் நீங்கள் தலைவலியை வைத்துவிட்டீர்கள். மாமாவைக் கொன்ற தலைவலி அம்மாவுக்கு மாதம் இரண்டு முறை வருகிறது. ஏழு வயதில் அவள் சுமந்துகொண்டிருப்பது இதைத்தான். உண்மை இதைவிடக் கொடியது என்று நமக்குத் தோன்றலாம். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் அம்மா பிழைத்திருப்பாள் என்ற நிச்சயம் அந்த உண்மையில்தான் இருக்கிறது.

அந்தப் பொய்யைச் சொன்னதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அன்றைக்கு உங்களுக்கே நிற்கத் தெம்பில்லை. பொய்யைத் திருத்த நேரம் தப்பிவிடவில்லை.

ஆனால் நாள் அதிகம் இல்லை. உறவுக்காரப் பையன் சொல்லிவிட்டான். அவள் நேரே உங்களிடம் வந்து கேட்டாள். அது உங்கள் மேல் அவளுக்கு இருக்கும் நம்பிக்கை. ஒரு முறை மறுத்துவிட்டீர்கள். இன்னும் இரண்டு முறை மறுத்தால் அவள் கேட்பதை நிறுத்திவிடுவாள், தெரிந்துகொள்வதை நிறுத்தமாட்டாள். பதினாலு வயதில் ஒரு சண்டையின் நடுவே, சித்தப்பா மகன் வாயிலிருந்து தன் அப்பாவின் மரணத்தை அறிந்துகொண்ட ஒருவர் பல வருடம் கழித்து என்னிடம் வந்தார். "அப்பா செஞ்சதைக்கூட மன்னிச்சுட்டேன். எல்லாருக்கும் தெரிஞ்சது எனக்கு மட்டும் தெரியாம இருந்துச்சே, அதைத்தான் விழுங்க முடியல" என்றார். உங்கள் கணவர் காத்திருக்கலாம் என்று சொல்வது அன்பினால்தான். அவரிடம் இதை மட்டும் கேளுங்கள்: அவள் இதை முதலில் யார் வாயிலிருந்து கேட்பதை அவர் விரும்புகிறார்?

சொன்னால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாக ஆகாதா என்ற பயம் மிகவும் பரவலானது. தற்கொலை எண்ணம் உண்டா என்று வெளிப்படையாகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்குமா என்பதைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2014-ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்று, கேட்பதால் எண்ணம் கூடுவதாகச் சான்று இல்லை என்று முடித்தது. குழந்தைக்கு ஆபத்தானவை வேறு: எப்படி இறந்தார் என்ற விவரங்கள், "இப்போ அவருக்குக் கஷ்டமே இல்ல, நிம்மதியா இருக்கார்" என்ற ஆறுதல், அதைத் தைரியமாகவோ தியாகமாகவோ காட்டும் பேச்சு. இவற்றைத் தவிர்த்தால் போதும்.

ரத்தத்தில் வருவதா? மனச்சோர்வு போன்ற நோய்களுக்குச் சில குடும்பங்களில் கூடுதல் சாத்தியம் இருப்பது உண்மை. அது சாத்தியம், விதி அல்ல. அப்படிப்பட்ட குடும்பங்களில் பிறந்த பெரும்பாலோர் இப்படி இறப்பதில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் பிள்ளை முன்கூட்டியே சோதனை செய்துகொள்வதில்லையா, அதுபோல இந்தக் குடும்ப வரலாறு தெரிந்த பிள்ளை பதினெட்டு வயதில் மனம் சரியில்லாதபோது மருத்துவரிடம் சீக்கிரம் போவாள். தெரியாத பிள்ளை போகமாட்டாள். இதுவும் சொல்வதற்கு ஒரு காரணம்.

வார்த்தைகள்

நம் மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. "தற்கொலை" என்ற சொல்லுக்குள்ளேயே "கொலை" இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தைக்கு அந்தப் பாதிதான் காதில் விழும், "யாரு மாமாவக் கொன்னது?" என்று கேட்பாள். "மாமா தவறிட்டார்" என்றால் எங்கேயோ வழி தவறிவிட்டார், தேடினால் கிடைப்பார் என்று எடுத்துக்கொள்வாள். "தூங்கிட்டார்" என்றால் தூங்கப் பயப்படுவாள். "சாமி கூப்பிட்டுக்கிட்டார்" என்றால் சாமி அடுத்து யாரைக் கூப்பிடும் என்பாள். "தப்பான முடிவு எடுத்துட்டார்" என்று பெரியவர்கள் சொல்வோம். அவளும் தினமும் தப்பு செய்கிறாள், கணக்கில் தப்பு, எழுத்தில் தப்பு. அதனால் நேரான, சின்ன வாக்கியங்கள் வேண்டும். தற்கொலை என்ற சொல்லையும் கடைசியில் ஒரு முறை சொல்லிவிடுங்கள். வெளியில் அதைக் கேட்கும்போது, இதற்கு அர்த்தம் அம்மா சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு முன்பு நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். எட்டுப் பக்கக் கடிதத்தில் நீங்கள் அந்தச் சொல்லை ஒரு முறைகூட எழுதவில்லை. "அது நடந்தப்போ", "அவன் அப்படிப் பண்ணிக்கிட்டது" என்றுதான் இருக்கிறது. கணவரிடம் உட்கார்ந்து, அல்லது கதவைச் சாத்திக்கொண்டு தனியாக, "என் தம்பி தற்கொலை செஞ்சு இறந்துட்டான்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் முறை குரல் உடையும். ஐந்தாவது முறை வாக்கியத்தை முடித்துவிடுவீர்கள். மகளுக்கு முன்னால் அந்த வாக்கியம் உங்கள் வாயிலிருந்து முதல் முறையாக வரக் கூடாது.

விடுமுறை நாள் ஒன்றின் காலை நேரம் நல்லது. தூங்கப் போகும்முன் வேண்டாம், பள்ளிக்குக் கிளம்பும்போது வேண்டாம். கணவரும் கூட இருக்கட்டும். எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள்; அவள் கையில் வண்ணப் பென்சிலோ பொம்மையோ இருந்தால் பிடுங்க வேண்டாம். கீழே இருப்பது ஒரு மாதிரிதான். உங்கள் வீட்டுப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"கண்ணு, மாமா எப்படி இறந்தார்னு அன்னிக்கு நீ கேட்ட இல்ல? நான் சரியான பதில் சொல்லல. தலைவலின்னு முன்னாடி சொன்னதும் சரியில்ல. அப்போ எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இப்போ உண்மையைச் சொல்றேன். மாமாவுக்கு ரொம்ப நாளா ஒரு நோய் இருந்துச்சு. அது மூளைல வர்ற நோய். வெளிய பாத்தா தெரியாது. அது வந்தா, இனிமே எதுவும் சரியாகாதுன்னு தோணும், அது நெஜம் இல்லன்னாலும் தோணும். அந்த நோய் ரொம்ப அதிகமான ஒரு நாள், மாமா தன் உயிரைத் தானே போக்கிக்கிட்டார். இதுக்குத் தற்கொலைன்னு பேரு. நீ செஞ்ச எதனாலயும் இது நடக்கல. நான் செஞ்ச எதனாலயும் நடக்கல. மாமாவுக்கு உன்மேல உசிரு."

"நான் செஞ்ச எதனாலயும் நடக்கல" என்ற வரியை எழுதும்போது உங்களை நினைத்துத்தான் எழுதினேன். அதை முழுசாக நம்பிய பிறகுதான் சொல்ல வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அவள் "எப்படி?" என்று கேட்கலாம். "தன் உடம்பைத் தானே காயப்படுத்திக்கிட்டார், அதனால உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு" என்பது போதும். அதற்கு மேல் விவரம் இந்த வயதுக்கு வேண்டாம். ஒருவேளை அந்தப் பையன் விவரமும் சொல்லியிருந்து, அதைச் சொல்லி "நெஜமா?" என்று கேட்டால் மட்டும், "ஆமா" என்று சொல்லி அங்கேயே நிறுத்துங்கள். பொய் வேண்டாம், விவரிக்கவும் வேண்டாம். அவர் எழுதிவைத்த கடிதம் உங்களிடம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது அவளுக்கு இப்போது தேவையில்லை.

அடுத்த கேள்வி அநேகமாக இதுவாக இருக்கும்: "உனக்கும் அந்த நோய் வருமா?" உங்களைப் பார்த்துக் கேட்பாள். "நான் அழறது மாமாவ நெனச்சு. அழறது நோய் இல்ல. எனக்கு மனசு ரொம்ப முடியாமப் போனா டாக்டர்கிட்ட போவேன், அப்பாகிட்ட சொல்வேன். இந்த நோய் வந்த நெறைய பேர் மருந்துலயும் உதவியிலயும் சரியாயிடறாங்க" என்று சொல்லுங்கள். சோகத்துக்கும் நோய்க்கும் உள்ள வித்தியாசத்தை அவள் கண்டிப்பாகப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கண்ணைத் துடைக்கும்போதெல்லாம் பயப்படுவாள்.

எல்லாம் கேட்டு முடித்து, "சரி, நான் வெளாடப் போகட்டா?" என்று அவள் எழுந்துபோனால் மனம் உடைந்துவிடாதீர்கள். குழந்தைகள் துக்கத்தில் முங்குவதும் தெரியாது, எழுவதும் தெரியாது. மூன்று நாள் கழித்து, பல் தேய்க்கும்போது, பேஸ்ட் நுரையோடு, "மாமாவுக்கு அப்போ வலிச்சிருக்குமா?" என்று கேட்பாள். இது ஒரே நாளில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. ஒன்பது வயதில் ஒரு விதமாகவும் பதிமூன்று வயதில் வேறு விதமாகவும் கேட்பாள். கேட்கலாம் என்ற வாசல் திறந்திருந்தால் போதும்.

ரகசியமும் சொந்த விஷயமும்

"யார்கிட்டயும் சொல்லாத" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். மாமா செய்தது அசிங்கம், அதை மறைக்கும் வேலை தனக்கும் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வாள். அதற்குப் பதில் ஒரு வாக்கியத்தை அவள் கையில் கொடுங்கள்: "என் மாமா இறந்துட்டார். அதப் பத்தி இப்போ பேச எனக்குப் பிடிக்கல." யாருக்குச் சொல்வது, யாருக்கு வேண்டாம் என்பது அவள் விருப்பம். வகுப்பாசிரியர் ஒருவருக்காவது நீங்களே விஷயத்தைச் சொல்லிவைப்பது நல்லது.

உங்கள் அம்மாவிடம் அனுமதி கேட்காதீர்கள். மகளிடம் என்ன சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கும் உங்கள் கணவருக்கும்தான். ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்: "அம்மா, நான் அவகிட்டச் சொல்லப்போறேன். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். அவ கேட்டா, உங்க அம்மாகிட்டக் கேளுன்னு அனுப்பிடுங்க. வேற கதை மட்டும் சொல்லாதீங்க." பெற்ற பிள்ளையைப் பற்றி யாரும் இழிவாக நினைத்துவிடக் கூடாது என்பதுதான் அந்தத் தாயின் தவிப்பு. பேத்தி அவரை நோயால் இறந்தவராக அறிந்துகொள்ளப் போகிறாள், கோழையாக அல்ல என்பதை அவருக்குப் புரியவையுங்கள். அதன் பிறகும் அழுவார். அழட்டும், பக்கத்தில் உட்காருங்கள்.

சொன்ன பிறகு சில வாரங்கள் அவளைக் கவனித்து வாருங்கள். மறுபடி படுக்கையில் சிறுநீர் கழிப்பது, உங்களைவிட்டுப் பிரியாமல் ஒட்டிக்கொள்வது, அடிக்கடி வயிற்றுவலி என்பது எல்லாம் சில வாரம் இருக்கலாம். அதற்கு மேலும் நீடித்தால், சாப்பாடும் தூக்கமும் கெட்டால், தானும் மாமாவிடம் போக வேண்டும் என்று ஒரு முறை சொன்னாலும்கூட, குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அப்படிச் சொல்லும் குழந்தை அநேகமாக மாமாவைப் பார்க்க ஏங்குகிறதே தவிர இறக்க நினைப்பதில்லை. ஆனாலும் அதைப் பிரித்துப் பார்க்கும் பொறுப்பை நீங்கள் தனியாக ஏற்க வேண்டாம்.

உங்கள் பாதுகாப்பு

"சில சமயம் அவன் இருக்கற எடத்துக்கே போயிட்டா என்னன்னு தோணும்" என்று ஏழாவது பக்கத்தில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே பேச்சை மாற்றிவிட்டீர்கள். நான் மாற்றப்போவதில்லை. பிரிட்டனில், நெருங்கிய ஒருவரைத் திடீரென்று இழந்த 18 முதல் 40 வயது வரையிலான 3,432 பேரிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. இயற்கை மரணத்தில் இழந்தவர்களைவிட, தற்கொலையில் இழந்தவர்கள் பின்னால் தாங்களும் முயற்சி செய்யும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இறந்தவர் ரத்த உறவா, நண்பரா என்பதால் அதில் வேறுபாடு தெரியவில்லை. அதனால் இதை ரத்தத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. இந்த இழப்பே ஒரு காயம், காயத்துக்குச் சிகிச்சை வேண்டும்.

அந்த எண்ணம் எவ்வளவு அடிக்கடி வருகிறது, என்ன செய்வது என்ற யோசனை வரைக்கும் போகிறதா என்பதை இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரிடம் நேரில் சொல்லுங்கள். கணவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மகளிடம் சொல்வதைக்கூட அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இடையில் ஓர் இரவு தாங்க முடியாமல் போனால், உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்: இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767. வேறு நாட்டில் இருந்தால் அங்குள்ள எண்ணை இப்போதே போனில் சேமித்து வையுங்கள். பத்தே முக்காலானாலும் நடு இரவானாலும் கூப்பிடலாம்.

தம்பியின் நம்பரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எடுக்க வேண்டாம். எப்போதாவது எடுக்கத் தோன்றினால் அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் கெடு ஏதும் இல்லை. அவர் உங்கள் மகளுக்கு அனுப்பிய குரல் பதிவுகள், சிங்கம் மாதிரி உறுமிக் காட்டியது, கணக்குப் பாடத்துக்குப் பாட்டுக் கட்டியது எல்லாம் இன்னும் அதில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். போன் மாற்றும்போது அழிந்துவிடாமல் வேறு ஓரிடத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். உண்மையைச் சொன்ன பிறகு ஒரு நாள் அவளே கேட்பாள், "மாமா குரல் போடும்மா" என்று. இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள். சிங்கம் உறுமும்போது அவள் சிரித்தால் நீங்களும் சிரிக்கலாம்.